இதயத்துக்கு எத்தனை வாசல்?

தலைப்பைப் பார்த்துட்டு காதல் கவிதைன்னு ஓடி வந்தவங்க மன்னிக்கணும். இது ரத்தத்தை பம்ப் பண்ற நிஜ இதயத்தைப் பத்தின பதிவு. கவிதை எழுதற அளவுக்கு நம்மகிட்ட சரக்கு கிடையாதுன்னு இங்க வழக்கமா வர்றவங்களுக்குத் தெரியும் :-)

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். பதிவுல 'நியூக்ளியர்'ங்கற வார்த்தை வரும். கூடங்குளத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. செல்லுக்குள்ள இருக்கற நியூக்ளியஸ், அதாவது பள்ளிக்கூடத்துல 'உட்கரு'ன்னு படிச்சு, ஹாஃப்பாயில்ல மஞ்சக்கரு மாதிரி ஒரு வட்டம் போட்டு மார்க் வாங்கினோமே, அதே சமாச்சாரம். அதுக்குள்ள யார் போறாங்க, யார் வெளிய வர்றாங்கங்கறதுதான் இன்னிக்கு மேட்டர். விஞ்ஞானிகள் இதுக்கு வச்சிருக்கற பேரு நியூக்ளியர் டிரான்ஸ்போர்ட்.

பொட்டி தட்டறவனுக்கு எதுக்குய்யா இந்த வேலைன்னு கேப்பீங்க. ரெண்டு காரணம். ஒண்ணு, இது நமக்கு ரொம்பப் பழக்கமான பிரச்சினை. டேட்டாபேஸை யார் தொடலாம், எந்த போர்ட்டைத் திறந்து வைக்கலாம், எதை மூடலாம்னு தினமும் மண்டையை உடைச்சுக்கறோம். செல்லும் அதையேதான் பண்ணுது, நம்மளைவிட அழகா. ரெண்டாவது காரணம் என் அப்பா. அவர் கதை கொஞ்ச நேரத்துல வரும்.

முதல்ல அந்த வாசலைப் பார்த்துடுவோம்.

மரபணு எல்லாம் உட்கருவுக்குள்ள பத்திரமா இருக்கு. உட்கருவைச் சுத்தி ரெட்டை மதில். மதில் நெடுக நிறைய துளைகள். துளைன்னதும் ஆணி அடிச்ச ஓட்டைன்னு நினைச்சுடாதீங்க. ஒவ்வொண்ணும் ஒரு பெரிய மெஷின். சுமார் முப்பது வகைப் புரதங்கள், எண்ணிக்கையில ஏறக்குறைய ஆயிரம் துண்டுகள் சேர்ந்து, எட்டு ஆரம் வச்ச சக்கரம் மாதிரி ஒரு வளையமா நிக்குது. நடுவுல இருக்கற வழி காலியா இருக்காது. வளைஞ்சு நெளிஞ்சு ஆடற புரத இழைகள் புதர் மாதிரி அடைச்சுக்கிட்டு இருக்கும். தண்ணி, உப்பு, சின்னச் சின்னப் புரதங்கள் எல்லாம் அந்தப் புதருக்குள்ள புகுந்து போயிடும். சுமார் 40 கிலோடால்டனுக்கு மேல எடை இருக்கற ஆசாமின்னா நிறுத்திடும். அடையாள அட்டை காட்டணும்.

அடையாள அட்டை புரதத்தோட உடம்புலயே எழுதியிருக்கு. லைசின், ஆர்ஜினின்னு ஒரு சில அமினோ அமிலங்கள் வரிசையா வர்ற சின்ன வாசகம் அது. ஏழெட்டு எழுத்துதான் இருக்கும். அதைப் படிக்கத் தெரிஞ்ச ஒரு புரதம் வெளிய சுத்திக்கிட்டு இருக்கும். பேரு இம்போர்ட்டின். அது அட்டையைப் பார்த்ததும் சரக்கைப் பிடிச்சுக்கும். புதர் இழைகளோட அதுக்கு சிநேகம் உண்டுங்கறதால ஒட்டி ஒட்டி நழுவி உள்ள போயிடும்.

இப்ப இங்கதான் எனக்கு விசில் அடிக்கத் தோணின இடம். உள்ள வந்துட்டோம்னு இம்போர்ட்டினுக்கு எப்படித் தெரியும்? அதுக்குக் கண்ணும் இல்லை, மேப்பும் இல்லை. பதில், ரான்னு ஒரு குட்டிப் புரதம். அது ரெண்டு வேஷத்துல இருக்கும். உட்கருவுக்குள்ள ஜிடிபி ஒட்டின வேஷம், வெளிய அது தேய்ஞ்சு போன இன்னொரு வேஷம். வேஷம் மாத்திவிடற ஆள் உள்ள மரபணுவோடயே ஒட்டி உக்காந்திருக்கான். வேஷம் கலைக்கற ஆள் வெளிய நிக்கறான். ஜிடிபி வேஷத்துல இருக்கற ரான் வந்து இம்போர்ட்டினைத் தொட்டா, அது சரக்கைக் கீழ போட்டுடும். அவ்ளோதான். "நீ எங்க இருக்கே"ங்கற தகவலை இவ்வளவு மலிவா யாராவது கோட் பண்ணிக் காட்டுங்க பார்ப்போம். வெளிய போறதுக்கும் இதே மாதிரி எக்ஸ்போர்ட்டின்னு தனிக் கோஷ்டி இருக்கு.

சரி, இதுக்கும் இதயத்துக்கும் என்ன?

இதயத் தசைச் செல் ஒரு விசித்திரப் பிறவி. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை சுருங்கி விரியணும். லீவு கிடையாது. நிறுத்தி வச்சு ரிப்பேர் பண்ணவும் முடியாது. அதோட வெளிச்சுவர்ல நாள் பூரா யாராவது தட்டிக்கிட்டே இருக்காங்க. மாடிப்படி ஏறினா ஒரு தட்டு, மேனேஜர் திட்டினா ஒரு தட்டு, ரத்த அழுத்தம் ஏறினா நிறுத்தாம தட்டு. வெளிச்சுவர்ல விழற தட்டு அப்படியே மரபணு வரைக்கும் போகாது. செல்லுக்குள்ள ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் கைக்கு மாறி, கடைசியா ஒரு தூதன் அந்த வாசல் வழியா உட்கருவுக்குள்ள நுழையணும். நுழைஞ்சாத்தான் செய்தி. வாசல்ல நின்னுட்டா அது வெறும் வதந்தி.

இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 1998ல ஜெஃப்ரி மோல்கென்டின், எரிக் ஓல்சன் உள்ளிட்டவங்க வெளியிட்ட ஆராய்ச்சி. என்ஃபேட்னு ஒரு தூதன். சாதாரணமா அவன் உடம்புல பாஸ்பேட் ஒட்டிக்கிட்டு இருக்கும். அது இருக்கற வரைக்கும் அவன் வெளியதான் நிக்கணும். செல்லுக்குள்ள கால்சியம் தொடர்ந்து அதிகமா இருந்தா கால்சிநியூரின்னு ஒரு என்சைம் முழிச்சுக்கிட்டு அந்த பாஸ்பேட்டை உரிச்சுடும். என்ஃபேட் உள்ள போவான். உள்ள போய் "தடிச்சுக்கோ, பெருசாகு"ன்னு ஆர்டர் போடற ஜீன்களைத் தட்டி எழுப்புவான். அவங்க என்ன பண்ணாங்கன்னா, எப்பவும் உள்ளயே இருக்கற மாதிரி மாத்தின என்ஃபேட்டை சுண்டெலி இதயத்துல வச்சுப் பார்த்தாங்க. ரத்த அழுத்தம் ஏத்தவே இல்லை. இருந்தும் இதயம் தடிச்சு வீங்கிப் போச்சு. அதாவது கஷ்டம் வெளிய இருக்கணும்னே அவசியமில்லை. கஷ்டம்ங்கற செய்தி உள்ள போய்ச் சேர்ந்தா போதும்.

இந்த வரியைப் படிச்சப்பதான் நான் கம்ப்யூட்டரை மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். ஏன்னா அந்த வாரம்தான் அப்பாவோட எக்கோ ரிப்போர்ட் வந்திருந்தது.

அப்பா அரசு பஸ்ல முப்பது வருஷம் கண்டக்டர். ரிட்டயர் ஆகி கொஞ்ச வருஷம் ஆச்சு. பிரஷர் பத்துப் பன்னெண்டு வருஷமா இருக்கு. "எனக்கு ஒண்ணும் செய்யலியே"ன்னு மாத்திரையை ஒரு மாசம் போடுவார், ரெண்டு மாசம் விடுவார். ரிப்போர்ட்ல இடது கீழறைச் சுவர் 13 மில்லிமீட்டர்னு போட்டிருந்தது. ஆம்பளைகளுக்கு வழக்கமா 10 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கலாம். "லேசான தடிப்புதான், ஆனா இனிமே மாத்திரையை விடக் கூடாது"ன்னு டாக்டர் சொல்லி அனுப்பிச்சார்.

அப்பாவுக்கு அது பெரிய விஷயமாவே படலை.

"தடிச்சா நல்லதுதான தம்பி? ஜிம்முக்குப் போறவன் கையெல்லாம் தடிக்குதுல்ல?"

யோசிச்சுப் பார்த்தா நியாயமான கேள்வி. ஆரம்பத்துல இதயமும் அப்படி நினைச்சுத்தான் தடிக்குது. எதிர்ல அழுத்தம் ஜாஸ்தி, சுவரைக் கனமாக்குவோம்னு. ஆனா ஜிம்முக்குப் போறவன் ஒரு மணி நேரத்துல வெயிட்டைக் கீழ வச்சுடுவான். பிரஷர் இருக்கற இதயம் இருபத்திநாலு மணி நேரமும் தூக்கிக்கிட்டே நிக்குது. வருஷக்கணக்குல அந்தச் சுவர் விறைச்சுப் போகும், சரியா விரியாது, ரத்தம் நிரம்பறதே குறையும், ஒரு கட்டத்துல பம்ப் தளர்ந்து போகும். பிறந்தப்புறம் கீழறையில அடங்கிப் போன சில குழந்தைக் கால ஜீன்கள்கூட அப்ப திரும்ப முழிச்சுக்கும். ஆஸ்பத்திரியில இதயம் தளர்ந்திருக்கான்னு பார்க்க பிஎன்பின்னு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதறாங்களே, அது இந்தக் கோஷ்டியோட குரல்தான். (1988ல பன்றி மூளையில கண்டுபிடிச்சதால அதுக்கு மூளைப் பேரு. அதிகமா சுரக்கறது என்னவோ இதயத்துல!)

நான் இதையெல்லாம் சொல்லி, 'நியூக்ளியர் டிரான்ஸ்போர்ட்'னு பேரையும் சொன்னேன்.

"டிரான்ஸ்போர்ட்டா? அப்ப நம்ம டிபார்ட்மெண்ட்டு"ன்னார் :-)

சரி, நம்ம டிபார்ட்மெண்ட் ஆளாச்சேன்னு அப்பாவுக்கு அடுத்த ஆராய்ச்சியையும் சொன்னேன். எனக்கு இந்தப் பதிவை எழுதத் தோணினதே அதனாலதான்.

அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துல பெர்ன்ஹார்ட் க்யூன்னு ஒரு குழந்தை இதய மருத்துவர் இருக்கார். அவரோட குழு 2022ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கேள்வி ரொம்ப எளிமை. இதயத் தசைச் செல்லோட உட்கருவுல மொத்தம் எத்தனை வாசல்? வயசாக ஆக அது மாறுதா?

எண்ணறது சாதாரண வேலை இல்லை. ஒரு வாசலோட மொத்தக் குறுக்களவே ஒரு மைக்ரான்ல எட்டுல ஒரு பங்குதான். நம்ம காலேஜ் லேப் மைக்ராஸ்கோப்புல ரெண்டு வாசல் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒரே புள்ளியாத்தான் தெரியும். ஒளியோட இந்த எல்லையைத் தாண்டற மைக்ராஸ்கோப்புக்குத்தான் 2014ல வேதியியல் நோபல் கொடுத்தாங்க. அந்த மாதிரிக் கருவியை வச்சு எலியோட இதயச் செல்கள்ல எண்ணினாங்க.

கருவுல இருக்கறப்ப சராசரியா 1,856 வாசல். குட்டியா இருக்கறப்ப 1,040. வளர்ந்த எலியில வெறும் 678.

அதாவது முதிர்ச்சி அடையறதுக்குள்ள நூத்துக்கு 63 வாசலை இழுத்து மூடியாச்சு!

மூடினதோட விளைவையும் பார்த்தாங்க. வெளிய இருந்து ஓடி வர்ற தூதன்கள்ல முக்கியமான ஒரு கோஷ்டி, மேப்கைனேஸ்னு பேரு, உட்கருவுக்குள்ள நுழையறது குறைஞ்சிருந்தது. செயற்கையா வாசல்களைக் குறைச்சுப் பார்த்தப்பவும் அப்படியே. தட்டின உடனே கத்த ஆரம்பிக்கற அலார ஜீன்கள் அடங்கியிருந்தது. கடைசியா ரத்த அழுத்தம் கூடின சுண்டெலிகள்ல பார்த்தாங்க. வாசல் குறைவா இருந்த சுண்டெலிகளோட இதயம் கம்மியாத்தான் உருக்குலைஞ்சுது. உயிரைக் குடிக்கற இதயத் தளர்ச்சி வரைக்கும் போறதும் குறைஞ்சுது.

ஒரே அழுத்தம், ஒரே தட்டு. ஆனா உள்ள கேட்ட சத்தம் கம்மி. அதனால பிழைச்சுது.

நாம பொதுவா முதிர்ச்சின்னா என்ன நினைக்கறோம்? புதுசா நிறைய திறமை வந்து சேர்றதுன்னுதானே. இந்தச் செல்லுக்கு முதிர்ச்சிங்கறதுல ஒரு பாதி, கேட்கறதைக் குறைச்சுக்கறது. நாளைக்கு லட்சம் தடவை அடிக்க வேண்டிய ஒருத்தன் ஒவ்வொரு தட்டுக்கும் பதறிப் போய் மரபணுவைப் புரட்டிக்கிட்டு இருந்தா வேலை நடக்காது. டெவலப்மெண்ட் சர்வர்ல எல்லா போர்ட்டும் திறந்திருக்கும், யார் வேணா வந்து எதை வேணா மாத்தலாம். புரொடக்‌ஷன் போயாச்சுன்னா தேவையானது மட்டும்தான் திறந்திருக்கணும். எலி இதயம் இதை எந்த ஆடிட்டரும் வந்து சொல்லாமலே பண்ணியிருக்கு.

அப்பா கேட்டுட்டு ஒரு நிமிஷம் யோசிச்சார். அப்புறம் சொன்னார்:

"கதவு வச்ச பஸ் வந்தப்பறம்தான் தம்பி நாங்க ஒழுங்கா டிக்கெட்டே போட்டோம். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஸ்டாப்புலயும் ரெண்டு படியிலயும் தொத்திக்குவான். யார் ஏறினான், யார் இறங்கினான்னே தெரியாது. ஆனா ஒண்ணு. கதவை அடைச்சுட்டா ஸ்டாப்புல ஒண்ணு ரெண்டு பேரை விட்டுட்டுத்தான் போகணும். அதுல ஆஸ்பத்திரிக்குப் போறவனும் இருப்பான்."

நான் அசந்து போயிட்டேன். ஏன்னா நான் அடுத்ததா சொல்ல வேண்டியதே அதுதான்.

வாசலை மூடினதுக்கு இதயம் ஒரு விலை கொடுத்திருக்கு. பிறந்து ஒரு நாள் ஆன சுண்டெலிக் குட்டியோட இதய நுனியை வெட்டினா அது மறுபடி வளர்ந்துடும்னு 2011ல டல்லஸ்ல காட்டினாங்க. ஏழாம் நாள் வெட்டினா வளராது, தழும்புதான் மிஞ்சும். ஒரே வாரத்துல அந்த வித்தை மறந்து போகுது. மறக்கறதுக்குக் காரணங்கள் பல உண்டு. அதுல வாசல் சமாச்சாரமும் ஒண்ணா இருக்கலாம்ங்கறது பிட்ஸ்பர்க் குழு முன்வைக்கற விளக்கம். கெட்ட செய்தியை வெளிய நிறுத்தற அதே மூடின வாசல், "அடிபட்டிருக்கு, பிரிஞ்சு பெருகு"ங்கற நல்ல செய்தியையும் வெளியவே நிறுத்திடுது. உட்கருவோட உள்பக்க மதிலுக்குத் தாங்கலா இருக்கற லேமின் பி2ங்கற புரதம் வளர வளரக் குறையுது, வாசல் எண்ணிக்கையும் கூடவே குறையுதுன்னு பார்த்தவங்க இவங்கதான். அதே புரதம் குறைஞ்சா குட்டிகளோட இதயச் செல் சரியாப் பிரியாமப் போகுதுன்னு 2020லயே சொன்னதும் இதே குழுதான். பாதுகாப்பும் இழப்பும் ஒரே நூல்ல கட்டியிருக்கு.

மனுஷ இதயம் எவ்வளவு புதுப்பிச்சுக்குதுங்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. முன்னாடி கூடங்குளத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு சொன்னேன். அணுகுண்டுக்குக் கொஞ்சம் சம்பந்தம் இருக்கு! வல்லரசுகள் 1950கள்லயும் 60கள்லயும் திறந்த வெளியில போட்டு வெடிச்ச குண்டுகளால காத்துல கார்பன்-14 ஏறிப் போச்சு. 1963ல ஒப்பந்தம் போட்டு அவங்க நிறுத்தினப்புறம் வருஷா வருஷம் இறங்கிச்சு. செல் பிறக்கறப்ப காத்துல இருந்த அளவு அதோட டிஎன்ஏவுல பதிஞ்சுடும். அதை வச்சு ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2009ல இதயச் செல்களோட பிறந்த வருஷத்தைக் கணக்குப் போட்டாங்க. 25 வயசுல வருஷத்துக்கு நூத்துல ஒரு செல்தான் புதுசு. 75 வயசுல அதுலயும் பாதிக்கும் கம்மி. முழு ஆயுசுலயும் பாதிச் செல்கூட மாறறதில்லை.

அப்பா பிறந்தது 1963ல. அப்படின்னா இப்ப அவர் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு இருக்கற செல்கள்ல பாதிக்கு மேல, பாட்டி இடுப்புல அவர் உக்காந்திருந்தப்ப இருந்த அதே செல்கள். முப்பது வருஷம் பஸ்ல நின்னுக்கிட்டே போனதும் அதுகதான். சில்லறைச் சண்டை, செக்கிங், என் இன்ஜினியரிங் ஃபீஸுக்காக டபுள் டூட்டி பார்த்தது எல்லாம் அதுக மேலதான் தட்டியிருக்கு. ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது. இருக்கறதை வச்சுத்தான் ஓட்டணும்.

"அப்ப இன்னும் கொஞ்சம் வாசலை அடைக்க மாத்திரை வந்துருச்சா?"ன்னு கேட்டார்.

வரலை. எலியில பார்த்தது எலியோட நிக்குது. மனுஷனுக்குக் கொண்டு வர்றது சுலபமும் இல்லை, ஏன்னா உட்கரு வாசல் உடம்புல உட்கரு இருக்கற எல்லாச் செல்லுலயும் இருக்கு. இதயத்துல மட்டும் போய் எண்ணி மூடறது எப்படி?

ஆனா தட்டறவனை நிறுத்தற மாத்திரை இருக்கு. அப்பாவோட சீட்டுல இருக்கற டெல்மிசார்ட்டான் அந்த ரகம்தான். ஆஞ்சியோடென்சின்னு ஒரு ஹார்மோன், அது ரத்தக் குழாயைச் சுருக்கி அழுத்தத்தையும் ஏத்தும், இதயச் செல்லோட கதவையும் நேரா வந்து தட்டும். இந்த மாத்திரை அந்தக் காலிங் பெல் மேல உக்காந்துக்கும். அழுத்தம் வருஷக்கணக்குல கட்டுக்குள்ள இருந்தா தடிச்ச சுவர்கூட ஓரளவு இளைக்க வாய்ப்பு உண்டு. "எனக்கு ஒண்ணும் செய்யலியே"ங்கறதுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியலை. ஒண்ணும் செய்யாத மாதிரிதான் இருக்கும். தட்டற சத்தம் நமக்குக் கேக்காது. உட்கருவுக்குக் கேக்கும்.

இதைச் சொன்னப்புறம் அப்பா தினமும் மாத்திரை போடறார். "பெல்லை அடைச்சாச்சா?"ன்னு அம்மா தினம் காலையில கேக்கறாங்க. அவங்களுக்கு என்ன புரிஞ்சதுன்னு நான் கேட்டுக்கலை :-)

எனக்கு மட்டும் ஒரு எண்ணம் ஓடிக்கிட்டே இருக்கு. 1,856 வாசலோட பிறந்த செல்லுக்கு எந்தச் செய்தியும் தப்பாது, அடிபட்டா திரும்ப வளரும், ஆனா ஒரு ஆயுசு பூரா ஓயாம உழைக்கற நிதானம் அதுக்கு இருந்திருக்காது. 678 வாசல் இருக்கறவன் தாங்குவான், ஆனா உடைஞ்சா ஒட்டாது. ரெண்டுல எது நல்ல டிசைன்? நானா இருந்தா நடுவுல ஒரு நம்பரைப் போட்டு கான்ஃபிக் ஃபைல்ல விட்டிருப்பேன், தேவைப்பட்டா மாத்திக்கலாம்னு. இயற்கை அதைச் செய்யலை. ஏன் செய்யலைன்னு உயிரியல் படிச்ச மக்கள் யாராவது பின்னூட்டத்துல சொன்னா புண்ணியமாப் போகும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டறவன். இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை மாத்தவோ, நிறுத்தவோ, புதுசா ஆரம்பிக்கவோ வேண்டாம். வீட்ல பெரியவங்க இருந்தா ஒரு தடவை பிரஷர் பார்த்துட்டு வாங்க. அது போதும்.